சொல்லுக்கு ஒரு சென்ட்

சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துபவனாக வேலை பார்த்தேன். வெளிநாட்டு நூலகங்கள் தங்களிடமுள்ள பழைய இதழ்களை ஸ்கேன் செய்து அனுப்பும். கணினி அந்தப் படங்களை எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பிழை நீக்குவது எங்கள் பணி. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அப்படிக் கையில் வந்தவற்றில் இன்றுவரை என் மனத்தை விட்டு நீங்காதவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த சாகசக் கதை இதழ்கள்.

அவற்றை ‘பல்ப்’ இதழ்கள் என்பார்கள். மரத்தை அரைத்த கூழிலிருந்து செய்த மலிவுத் தாள் என்பதால் வந்த பெயர் அது. அந்தத் தாளில் அமிலமும், மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளும் தங்கிவிடுவதால், சில பத்தாண்டுகளிலேயே பழுப்பேறி, தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். ஸ்கேன் படத்திலேயே உதிர்ந்த மூலைகள் தெரியும். சொரசொரப்பான தாளில் மை ஊறிப் பரவியிருப்பதால், ஆங்கிலத்தின் ‘ஆர்’, ‘என்’ ஆகிய இரண்டு எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு ‘எம்’ ஆகிவிடும்; நாளெல்லாம் அதைப் பிரித்துக்கொண்டிருப்போம். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுப் பதிப்புத் தொழிலுக்கு வந்த ஃபிராங்க் மன்சி என்பவர், 1896இல் தம் ‘ஆர்கசி’ இதழை முழுக்க முழுக்கக் கதைகளால் நிரப்பி இந்தத் தாளுக்கு மாற்றினார். பத்து சென்ட் கொடுத்தால் ஒரு கட்டுக் கதைகள் கிடைக்கும் என்பதே அதன் கவர்ச்சி. அத்தனை பக்கங்களையும் மாதந்தோறும் நிரப்புவதற்கு ஆட்கள் வேண்டியிருந்தது. அவர்களுக்குச் சொல் கணக்கில் கூலி கொடுக்கப்பட்டது. சொல்லுக்கு அரை சென்ட், ஒரு சென்ட் என்பது பலருக்குக் கிடைத்த விலை.

பக்கக் கூலிக்காரனான எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. ‘மேக்ஸ் பிராண்ட்’ என்ற பெயரில் எழுதிய ஃபிரெடெரிக் ஃபாஸ்ட், வாழ்நாளில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட சொற்களை எழுதியவர். தம்மைக் கவிஞராகவே கருதிய அவர், சொந்தப் பெயரைக் கவிதைகளுக்கென்று வைத்துக்கொண்டு, சோறு போட்ட கதைகளைப் புனைபெயர்களில் தட்டச்சு செய்து தள்ளினார். 1944இல் போர்ச் செய்தியாளராக இத்தாலிக்குச் சென்று களத்தில் இறந்தார். இப்படி அவசரத்தில் எழுதப்பட்ட பக்கங்களில் அலுப்பூட்டும் பக்கங்கள் ஏராளம். ஒரே உவமை மூன்று பத்திக்கு ஒருமுறை திரும்பி வருவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அவசரம் என்றாலே அலட்சியம் என்று எண்ணியிருந்த என் எண்ணத்தை ‘அட்வெஞ்சர்’ என்ற இதழ் மாற்றியது.

1910இல் தொடங்கிய அவ்விதழுக்கு 1912 முதல் 1927 வரை ஆர்தர் சல்லிவன்ட் ஹாஃப்மன் ஆசிரியராக இருந்தார். கதை எந்த நாட்டில் நடந்தாலும் அந்த நாட்டின் துப்பாக்கியும் குதிரையும் வழக்கமும் சரியாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இதழின் பின்பகுதியில் ‘கேம்ப் ஃபயர்’ என்ற பகுதி வரும். அதில் எழுத்தாளர்கள் தங்கள் கதைக்கான ஆதாரங்களை விளக்குவார்கள். வாசகர்கள் பிழை கண்டுபிடித்துக் கடிதம் போடுவார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ஹரால்ட் லாம்ப், 1917 முதல் இதில், உக்ரைன், ரஷ்யப் புல்வெளிகளின் குதிரைவீரர்களான கொசாக்குகளில் ஒருவனான கிளித் என்ற முதியவனைப் பற்றிய கதைகளை எழுதினார். மங்கோலியப் புல்வெளிகளின் வரலாற்றை எங்கிருந்து எடுத்தார் என்று அவர் எழுதிய விளக்கங்களைத் திருத்தும்போது, கூலிக்கு எழுதியவர் என்ற நினைவே எனக்கு வராது. டால்பட் மண்டியின் கதை இன்னும் விசித்திரமானது. இலண்டனில் பிறந்தபோது அவருடைய பெயர் வில்லியம் கிரிபன். இந்தியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அலைந்து, சிறைக்கும் போய், 1909இல் நியூயார்க்குக்கு வந்த சிறிது காலத்திலேயே வழிப்பறிக்காரர்களிடம் அடிபட்டவர், இந்தியாவில் நடக்கும் பன்றி வேட்டையைப் பற்றி எழுதி 1911இல் இவ்விதழில் இடம்பிடித்தார். 1925இல் அவர் ஜூலியஸ் சீசரைக் கொடியவனாகக் காட்டி ஒரு தொடர் எழுதியபோது, அது நியாயமா என்று வாசகர்கள் ‘கேம்ப் ஃபயர்’ பகுதியில் மாதக்கணக்கில் வாதிட்டார்கள். மலிவு விலைப் பத்திரிகையை வாங்கிப் படித்தவர்கள் ரோம வரலாற்றுக்காக அப்படி மல்லுக்கட்டிய கடிதங்களை, பக்கக் கூலியை மறந்து இரண்டு முறை படித்தேன்.

அந்த இதழைச் சிறுவயதில் ஆர்வத்தோடு படித்து வளர்ந்தவர்களுள் ஒருவர் டெக்சஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த ராபர்ட் ஹோவர்ட். அவர் அதிகம் எழுதியது ‘வியர்ட் டேல்ஸ்’ இதழுக்கு. அங்கே கதையை ஏற்றுக்கொண்டதும் பணம் வராது. அச்சான பிறகே வரும், அதுவும் தாமதமாக. 1935 மே மாதம், 800 டாலருக்கும் மேல் பாக்கி நிற்கிறது, தாயின் நோய்க்குச் செலவு கூடிவிட்டது என்று ஆசிரியருக்கு அவர் கடிதம் எழுதினார். மறு ஆண்டு ஜூன் மாதம், முப்பதாவது வயதில் இறந்துபோனார். எங்களுக்கும் ஒருமுறை மூன்று மாதக் கூலி நிலுவையில் நின்றது. அந்நாட்களில்தான் இந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தேன். கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் ஒரு மனிதன் கணக்குச் சொல்லும் வேதனை எனக்கு அந்நியமாக இல்லை.

நான் செய்த பெரிய தவறும் இந்தப் பணியில்தான் நேர்ந்தது. மாடு மேய்ப்பவர்களைப் பற்றிய ஒரு கதையில் அவர்களுடைய பேச்சை எழுத்தாளர் கொச்சையாகவே எழுதியிருந்தார். கணினியின் பிழை என்று நினைத்துப் பன்னிரண்டு பக்கங்களில் ‘யுஹ்’ என்பதையெல்லாம் ‘யூ’ என்று மாற்றிவிட்டேன். குழுவை நடத்திய அக்கா பார்த்துவிட்டு, “தம்பி, அந்த மனிதருக்கு ‘யூ’ என்று எழுதத் தெரியாமலா இப்படி எழுதினார்?” என்று கேட்டார். அன்று இரவு ஷிப்ட் முடிந்த பிறகும் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கங்களையும் பழையபடி ஆக்கினேன்.

சில வாரங்களில் ‘ஆல்-ஸ்டோரி’ இதழின் 1912 பிப்ரவரிப் பிரதி வந்தது. பல தொழில்களில் தோற்று, பென்சில் சீவும் கருவிகளை விற்றுக்கொண்டிருந்த எட்கர் ரைஸ் பரோஸ், செவ்வாய்க் கோளுக்குப் போகும் ஒருவனைப் பற்றி எழுதி 400 டாலருக்கு விற்ற முதல் கதை அதில்தான் தொடங்குகிறது. இப்படியொரு கதையை எழுதியவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று ஊர் சொல்லுமே என்று அஞ்சி, ‘நார்மல் பீன்’ என்ற புனைபெயரை அவர் கொடுத்திருந்தார். ‘பீன்’ என்றால் கொச்சை வழக்கில் தலை. என் தலை சரியாகத்தான் இருக்கிறது என்று பொருள். அதை எழுத்துப்பிழை என்று எண்ணிய யாரோ ஒருவர், அச்சுக்குப் போகுமுன் ‘நார்மன்’ என்று திருத்திவிட்டார்.

அச்சில் உள்ளதை உள்ளபடியே விட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தப் பெயரின் கடைசி எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மை பரவாமல் தெளிவாக இருந்தது. ‘நார்மன்’ என்றே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.