காப்பீட்டுத் திட்டத்துல அம்மாவுக்கு ஆபரேஷன்: இம்ப்ளான்டுக்குத் தனியா காசு கேட்டா கட்டாதீங்க

அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இடுப்பு மூட்டு ஆபரேஷன் முடிஞ்சு நல்லபடியா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. டாக்டரையோ நர்ஸுங்களையோ ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அந்த இன்சூரன்ஸ் கவுண்டர்ல பட்ட பாட்டை நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. இன்னொருத்தர் அப்படி நிக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

கார்டு எடுக்குறது பலருக்கும் தெரிஞ்சதுதான். குடும்பத்தோட வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். எங்ககிட்ட கார்டு இருந்துச்சு. ஆனா அப்பா தவறினதுக்கப்புறம் அம்மா பேரை எங்க ரேஷன் கார்டுல சேர்த்தோமே, அது காப்பீட்டுக் கார்டுல தானா ஏறலை, அப்படி ஒரு வேலை இருக்குன்னு யாரும் சொல்லவும் இல்ல. கவுண்டர்ல இருந்தவர் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு "இவங்க பேரு வரல, கேஷ் கட்டிருங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். வலியில அம்மா முனகிட்டு இருக்காங்க, பேரைச் சேக்க எங்க சார் போகணும்னு கேக்குறேன், மனுஷன் நிமிர்ந்துகூட பாக்கல. பக்கத்து பெட் பாட்டியோட மகதான் "அண்ணே, அட்மிட் ஆயிருக்காங்கன்னு ஆஸ்பத்திரில ஒரு லெட்டர் வாங்கிட்டு நேரா கலெக்டர் ஆபீஸுக்குப் போங்க"ன்னு வழி சொன்னாங்க, அவங்க நல்லா இருக்கணும்.

அங்க போனா புது வருமானச் சான்று வேணும்னாங்க. இ-சேவைல 60 ரூபா கட்டி அப்ளை பண்றது சுலபம், ஆனா அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாலுகா ஆபீஸ்னு ஒவ்வொருத்தர் லாகினா தாண்டிப் போகணும், எங்க வி.ஏ.ஓ. அப்போ தாலுகா ஆபீஸ்ல வருஷா வருஷம் கிராமக் கணக்கைச் சரிபார்க்குற ஜமாபந்தியில இருந்தார். தாலுகா ஆபீஸ் வாசல்லயே காத்திருந்து, அவர் டீ குடிக்க வெளிய வந்தப்போ அம்மாவோட எக்ஸ்ரேயைக் கையில குடுத்தேன். வெயில்ல தூக்கிப் பாத்தார், ஒண்ணும் பேசல, உள்ள போய் லேப்டாப்பைத் திறந்து அனுப்பி விட்டுட்டார். அதுக்கப்புறம் சான்றும் வந்துச்சு, பேரும் ஏறிருச்சு.

அப்பாடான்னு ஆஸ்பத்திரிக்கு வந்தா, இடுப்புல வெக்கிற இம்ப்ளான்ட், அதான் செயற்கை மூட்டு, அதை வெச்சு இன்சூரன்ஸ் கவுண்டர் ஆளு அடுத்ததை ஆரம்பிச்சார். "திட்டத்துல வர்ற இம்ப்ளான்ட் சாதாதான், நல்லது வேணும்னா 40,000 தனியா கட்டணும்." பில் தருவீங்களான்னேன், தர மாட்டாங்களாம். அப்ப இதை ஒரு பேப்பர்ல எழுதி சீல் வெச்சுக் குடுங்கன்னேன், பேச்சே இல்ல. வெளிய வந்து இந்தத் திட்டத்தோட இலவச உதவி நம்பர் 1800 425 3993க்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன், பொறுமையா கேட்டு எழுதிக்கிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே அதே ஆளு பெட்டுக்கு வந்து "நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க, எதுவும் கட்ட வேண்டாம்"னார். இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்துச்சு, ஆபரேஷனும் ஆச்சு.

இதை மனசுல வெச்சுக்கங்க: பேக்கேஜ்னு ஒரு தொகைக்கு அப்ரூவல் குடுக்குறாங்கல்ல, பெட், டாக்டர், மயக்க மருந்து, மாத்திரை, இம்ப்ளான்ட் எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். அப்ரூவல் வர்றதுக்கு முன்னாடி எந்த வெத்துப் பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க, அவசரப்படுத்துவாங்க. இந்தத் திட்டத்துல சிகிச்சைக்குக் கிடைக்குற 5 லட்சம்ங்கிறது வருஷத்துக்கு மொத்தக் குடும்பத்துக்கும் சேத்துதான், ஆளுக்கு 5 லட்சம் இல்ல. சில ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும்னு ஒதுக்கியிருக்காங்க, பிரைவேட்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி அந்த நம்பர்லயே கேட்டுக்கங்க. ஜி.எச்.ல எல்லாமே இலவசம்தானே, கார்டு எதுக்குன்னு நிறைய பேர் வீட்லயே விட்டுட்டுப் போறாங்க, தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க, உங்க ஆபரேஷனுக்கான இன்சூரன்ஸ் பணம் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகுது.

கல்யாணம் ஆனவங்க, குழந்தை பொறந்தவங்க, அப்பா அம்மாவை ரேஷன் கார்டுல புதுசா சேத்தவங்க, எல்லார் பேரும் காப்பீட்டுக் கார்டுல வருதான்னு உடம்பு நல்லா இருக்கும்போதே போய்ப் பாத்துருங்க.

அட்மிட் ஆன அன்னிக்கு ரத்த டெஸ்ட், ஸ்கேனுக்குன்னு எங்ககிட்ட வாங்கின காசு இன்னும் திரும்பி வரல. பில்லு அத்தனையும் பத்திரமா இருக்கு, அதுக்கும் கம்ப்ளைன்ட் குடுத்துட்டேன்.