என்னுடைய கணவருக்கு அற்றென்டன்ஸ் அலவன்ஸ் எடுத்த கதை

இங்கிலாந்தில் பென்சன் வயதைக் கடந்த ஒருவருக்கு, வருத்தத்தால் இன்னொருவரின் உதவி தேவைப்பட்டால் அற்றென்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரச கொடுப்பனவு கிடைக்கும். சொந்த வீடு இருக்கிறதா, வங்கியில் எவ்வளவு கிடக்கிறது, பிள்ளைகள் உழைக்கிறார்களா என்று ஒன்றும் பார்க்கமாட்டார்கள். அந்தக் காசுக்கு வரியும் இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. மனைவி பார்த்தாலும் அது உதவிதான். எங்கள் ஆட்களில் கனபேர் ‘பெனிஃபிற் எல்லாம் வசதியில்லாத ஆக்களுக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என்னுடைய கணவருக்கு மூளைக்கு இரத்தம் சரியாகப் போகாததால் வருகிற டிமென்ஷியா. சின்னச் சின்ன ஸ்ரோக்குகள் வந்து இடது காலும் இழுக்கிறது. வீட்டுக்குள் பிரேம் பிடித்து நடப்பார். வெளியில் போனால் சக்கர நாற்காலி. ஆறு மாதமாவது உதவி தேவைப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. இவருக்கு அது எப்போதோ கடந்துவிட்டது.

விண்ணப்பப் போமை ரெலிபோனில் கேட்டு எடுப்பது நல்லது. கேட்ட நாளில் இருந்து ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால், கேட்ட நாளையே விண்ணப்பித்த நாளாக எடுப்பார்கள். அதற்கு முந்திய காலத்துக்குக் காசு தரமாட்டார்கள். ஆகவே யோசித்துக்கொண்டு இருக்காமல் முதலில் போமைக் கேளுங்கள், யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

போம் தடிப்பான புத்தகம் மாதிரி வந்தது. மகள் பக்கத்தில் இருந்து கேள்விகளை வாசித்தாள். உடுப்பு மாற்ற உதவி தேவையா? “இல்லைப் பிள்ளை, அப்பா தானே போடுவார்” என்றேன். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “நீங்கள் பக்கத்தில இல்லாட்டி அப்பா என்ன செய்வாரம்மா?”

அந்த ஒரு கேள்வியோடு முழுப் போமும் வேறு மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் நடப்பது இதுதான். காலையில் உடுப்புகளை அவர் போடவேண்டிய ஒழுங்கில் கட்டிலில் அடுக்கி வைப்பது நான். பெனியனைக் கையில் தந்து, “இதை முதல் போடுங்கோ” என்பேன். போடுவார். சேட்டைத் தருவேன். ஒரு கையை நுழைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுவார், அடுத்த கை எங்கே என்று தெரியாது. நான் சொல்லாமல் விட்டால் பிஜாமாவுக்கு மேலேயே சுவெற்றரைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். தொட்டுத் தூக்கிவிட்டால்தான் உதவி என்று இல்லை. நினைவுபடுத்துவது, ஆறுதலாகச் சொல்லிச் செய்விப்பது, விழாமல் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாமே அந்தப் போமில் கணக்கு. எத்தனை தரம், ஒவ்வொரு தரமும் எத்தனை நிமிடம் என்றுகூடக் கேட்கிறார்கள்.

ஒரு கொப்பியைக் குசினி மேசையில் வைத்து, நடக்க நடக்கச் சில நாள் குறித்தேன். குளிசைப் பெட்டியில் செவ்வாய்க்கிழமைக் குளிசையோடு புதன்கிழமைக் குளிசையையும் எடுத்தது. மலசலகூடத்தில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றது. பிரேமை வரவேற்பறையில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தது. இவை எல்லாம் எனக்குப் பழகிப்போனவை. எழுதி வைக்காவிட்டால் ஒன்றும் போமுக்குள் போயிருக்காது. சமையல், கடைக்குப் போவது, வீடு கூட்டுவது ஆகியவற்றுக்காக இந்தக் காசு தருவதில்லை. அவருடைய உடம்பைப் பார்ப்பதும் ஆபத்தில்லாமல் காப்பதும்தான் இதில் வரும். சோறு சமைத்தேன் என்று எழுதிப் பயனில்லை. கோப்பையை முன்னால் வைத்து, “சாப்பிடுங்கோ, அடுத்த வாய் எடுங்கோ” என்று பக்கத்தில் இருந்தேன் என்று எழுதவேண்டும்.

இரவைத் தனியாகக் கேட்பார்கள். பகல் அல்லது இரவு ஒன்றில் மட்டும் உதவி தேவை என்றால் குறைந்த தொகை. இரண்டிலும் தேவை என்றால் கூடின தொகை. இரவில் இரண்டு தரமாவது எழும்பவேண்டி இருந்தால், அல்லது ஒரு தரம் எழும்பினாலும் இருபது நிமிடமாவது எடுத்தால், பொதுவாக இரவு உதவி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். இவர் முந்திப் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்தவர். நடுச்சாமத்தில் எழும்பிக் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, “இஞ்சேரும், ஷிஃப்ற்றுக்கு நேரமாச்சு, திறப்பு எங்க?” என்பார். வேலை எப்போதோ விட்டாயிற்று என்று சொன்னால் கோபம் வரும். “இண்டைக்கு லீவு, படுங்கோ” என்று சொல்லி, கால் நோகாமல் திருப்பிப் படுக்கவைத்து, கண் மூடும்வரை இருப்பேன். இதை அப்படியே எழுதினோம்.

நடக்க ஏலாத விசயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அற்றென்டன்ஸ் அலவன்ஸில் வெளியில் போய்வருவதற்கென்று தனிப்பட்ட பகுதி கிடையாது. பென்சன் வயதுக்கு முந்தியே விண்ணப்பிக்கிற ஆட்களுக்குரிய பிப் என்ற கொடுப்பனவில்தான் அது இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் கதிரையில் இருந்து எழும்ப, படியேற, கட்டிலில் ஏற ஒருவர் பிடிக்கவேண்டும் என்றால் அது இங்கேயும் சேரும். விழுந்த சம்பவங்களையும், விழப்போய் நான் பிடித்த சம்பவங்களையும் சேர்த்தே எழுதினேன்.

எனக்குப் பாரமாக இருந்தது ஆங்கிலம் அல்ல. மானம் பார்க்கிற மனுசன். யாரிடமும் கைநீட்டாதவர். அவருடைய மலசலகூட விசயம் வரை முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதும்போது, அவருக்குத் தெரியாமல் கோள் சொல்வது போல மனம் அடித்துக்கொண்டது. ஆனால் நான் மறைத்தால் அந்த நட்டம் அவருக்குத்தான்.

டொக்டரிடம் போனாலும் அப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் இவர் சிரித்துக்கொண்டு “ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ” என்பார். அந்த ஒரு வசனத்தைத் தவிர மற்ற ஆங்கிலம் போய்விட்டது, மிஞ்சியது தமிழ்தான். மெமரி கிளினிக்குக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு எடுத்தோம். அதற்கு நாங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பு வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், தகப்பன் பிழையாகச் சொல்வதை அவர்களுக்கு அப்படியே சொல்ல மனம் வராது. விண்ணப்பத்தைப் பார்க்கிறவர்கள் ஜீபியிடம், அதாவது எங்கள் குடும்ப டொக்டரிடம், விபரம் கேட்கக்கூடும் என்பதால், கொப்பியில் குறித்ததில் ஒரு பிரதியை ஜீபியிடமும் கொடுத்துவைத்தேன். மெமரி கிளினிக் கடிதம், மருந்துப் பட்டியல் இரண்டின் பிரதியும் போமோடு போனது.

கையெழுத்து இன்னொரு பிரச்சினை. தன்னுடைய விசயத்தை விளங்கிக் கையெழுத்து வைக்க ஏலாதவருக்காக ஒருவர் ‘அப்பொயின்ரி’, அதாவது அவர் சார்பில் நடத்துகிறவர், ஆகலாம். அதற்காக ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து இவரையும் பார்த்து, என்னிடமும் கேள்விகள் கேட்டார். தன்மையாகத்தான் கதைத்தார். இது அரச கொடுப்பனவுகளுக்கு மட்டும். வங்கிக்கும் வீட்டுக்கும் செல்லாது. அவற்றுக்கு லாஸ்ரிங் பவர் ஒஃப் அற்றோர்னி என்ற, தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கிற சட்டப் பத்திரம் வேண்டும். அதை அவருக்கு விளக்கம் இருக்கும்போதே எழுதிவைக்கவேண்டும். டிமென்ஷியா தொடங்கும் நிலையில் இருக்கிறவர்களின் குடும்பத்துக்கு நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்.

முடிவுக் கடிதம் வந்தது. நாங்கள் போம் கேட்ட நாளில் இருந்தே கூடின தொகை தந்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் அந்தக் கூடின தொகை கிழமைக்கு 110.40 பவுணாகவும், குறைந்த தொகை 73.90 பவுணாகவும் இருந்தது. மறுத்தாலோ குறைத்துத் தந்தாலோ, கடிதத்தின் திகதியில் இருந்து ஒரு மாதத்துக்குள் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கும் பிறகு தீர்ப்பாயம் இருக்கிறது.

அந்தக் கடிதம் கையில் இருந்தால் மற்றக் கதவுகளும் திறக்கும். டொக்டரின் அத்தாட்சியோடு கவுன்சிலுக்குக் கொடுத்தோம். இவரைக் கணக்கில் எடுக்காமல் வீட்டில் நான் ஒருத்தி என்று கொண்டு, கவுன்சில் ரக்ஸில் 25 சதவீதம் கழித்தார்கள். நடக்க ஏலாதவர்களின் காரை நிறுத்தச் சலுகை தருகிற புளூ பாட்ஜ் அட்டைக்கும் கவுன்சிலிடமே விண்ணப்பிக்கலாம். பார்க்கிறவருக்குரிய கெயாரர்ஸ் அலவன்ஸ், அரச பென்சன் எடுக்கிற கனபேருக்குக் கையில் வராது. ஆனாலும் விண்ணப்பித்து வையுங்கள், வருமானம் குறைந்த பென்சன்காரருக்கான பென்சன் கிரெடிற் எடுக்கிறவர்களுக்கு அதனால் தொகை கூடும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. தற்காலிகமாகப் போனால் 13 கிழமை வரை கொடுப்பனவு நிற்காது, ஆனால் போகமுதல் அறிவிக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் 28 நாளுக்கு மேல் வைத்திருந்தால் நிறுத்துவார்கள், வீட்டுக்கு வந்ததும் சொன்னால் திரும்பத் தொடங்கும். குறைந்த தொகை எடுக்கிறவருக்கு வருத்தம் கூடி இரவிலும் எழும்பவேண்டி வந்தால், அதையும் அறிவித்துக் கூடின தொகையைக் கேளுங்கள். தாங்களாகவே கண்டு கூட்டித் தரமாட்டார்கள்.