மலையும் வேண்டும், ஆறும் வேண்டும்

டோசான் சொவோனில் விக்கிரகம் கிடையாது. தென்கொரியாவின் அன்டோங் அருகே, மலைச்சரிவில் இருக்கும் பழைய கன்பூசியக் கல்விக்கூடம் அது. பின்கட்டுச் சன்னதியில் மறைந்த அறிஞரின் பெயர் எழுதிய மரப்பலகையை வைத்து வணங்குகிறார்கள். நான் போன ஏப்ரலில் அதன் கதவு சாத்தியிருந்தது. பரவாயில்லை. நான் கும்பிடப் போனது அதற்கு முன்னால் இருக்கும் சின்ன வீட்டை.

சமையற்கட்டு, ஓர் அறை, ஒரு மரத்திண்ணை. அவ்வளவுதான் வீடு. கொரியக் கன்பூசிய அறிஞர் யி ஹ்வாங் என்ற தோய்கே 1561-ல், 60 வயதையொட்டிக் கட்டி முடித்தது. சொவோன் என்ற கல்விக்கூடம் எழுந்ததே அவர் மறைந்த பிறகு, 1574-ல்.

அவருக்கு உயிரான மலை சொங்ரியாங்சான். அங்கே ஏன் குடியேறவில்லை? அவரே எழுதியிருக்கிறார்: அது செங்குத்து, வயதான உடம்புக்கு ஆகாது, அதோடு உள்ளே போய்விட்டால் ஆறு கண்ணில் படாது. மலை, நீர் இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவருக்குப் போதாது. அறிவுடையவன் நீரில் மகிழ்வான், அன்புடையவன் மலையில் மகிழ்வான் என்பது கன்பூசியஸ் வாக்கு அல்லவா?

இயற்கையை ரசிப்பதிலும் அவர் இரண்டு வகை பார்த்தார். உலகத்தை உதறிவிட்டு மலையேறுவது ஒன்று; அப்படிப் போனால் மனித உறவுகளையே மறந்துவிடுவோமோ என்று பயந்தார். மனதைச் செம்மையாக்க மலையிடம் போவது இன்னொன்று. அவர் தேர்ந்தது இதைத்தான். என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்ததும் இதுதான்.

1565-ல் பன்னிரண்டு பாடல்களைக் கொரிய மொழியிலேயே எழுதினார். சீனமொழிக் கவிதையை ஓதலாம், பாட முடியாது; பிள்ளைகள் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் ஒன்று, பச்சை மாறாத மலையையும் இரவு பகல் நிற்காத நீரையும் காட்டி, நாமும் நிற்காமல் இருப்போம் என்கிறது.

முன்முற்றத்து மேட்டில் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படித்தேன். கீழே நக்தோங் ஆறு. 1976-ல் அணை வந்த பிறகு நீர் ஏறி, இப்போது ஏரி போலத்தான் கிடக்கிறது. அவர் கேட்ட ஓட்டச் சத்தம் இல்லை. கண் கலங்கிவிட்டது.

அப்புறம் வீட்டருகே இருந்த மேஹ்வா என்ற பிளம் மரத்திடம் போனேன். 1570-ல் உயிர் பிரிந்த நாளன்று காலையில், தோய்கே தொட்டியிலிருந்த மேஹ்வாச் செடிக்குத் தண்ணீர் விடச் சொன்னாராம். வெள்ளைப் பூக்கள் பாதி உதிர்ந்திருந்தன. காலடியில் கிடந்த ஓர் இதழை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.