உப்பிட்ட காபியும் தக்காளியோடு ஸ்ட்ராபெர்ரியும்: ஆறு வாரச் சோதனைக் குறிப்புகள்

ஆறு வாரங்களாக, வார இறுதி நாள்களில், ஒன்றோடொன்று சேரும் என்று நான் நினைத்தே பார்த்திராத உணவுப் பொருள்களைச் சேர்த்துச் சுவைத்து, விளைவைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். தொடங்கும்போது என் எண்ணம் எளிமையானது: எந்தப் பொருளோடு எது சேரும் என்று ஒரு பட்டியல் தயாரித்துவிட வேண்டும். இப்போது குறிப்பேட்டைப் புரட்டினால், இணைகளின் பெயர்களைவிட அளவு, வெப்பம், எதை முதலில் வாயில் இடுவது என்ற வரிசை ஆகியவையே அதிகப் பக்கங்களை நிரப்பியிருக்கின்றன. முதல் முறை தோற்ற இணைகளில் பாதிக்கும் மேற்பட்டவை, இவற்றில் ஏதேனும் ஒன்றை மாற்றியதும் நன்றாக அமைந்தன.

சோதிக்கும் முறையை முதல் வாரத்திலேயே வகுத்துக்கொண்டேன். இரண்டு பொருள்களையும் முதலில் தனித்தனியே சுவைக்க வேண்டும். பிறகு சேர்த்துச் சுவைக்க வேண்டும். அதன் பின் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் உண்டு, பாதியில் விரலை எடுத்துவிட வேண்டும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் உணரும் சுவை) ஆகியவற்றை நாக்கு அறியும். ஆனால் ‘இது ஸ்ட்ராபெர்ரி’, ‘இது காபி’ என்று நாம் இனம் காண்பது பெரும்பாலும் வாயின் பின்புறம் வழியாக மூக்குக்கு ஏறும் மணத்தால்தான். மூக்கைப் பிடித்திருக்கும்போது நன்றாக இருந்த இணை, விட்டதும் கெட்டுப்போனால் சிக்கல் மணத்தில் இருக்கிறது. பிடித்திருக்கும்போதே சரியில்லை என்றால் உப்பையோ புளிப்பையோ சரிசெய்தால் போதும். இந்த ஒரு பழக்கம் எனக்குப் பல மணி நேர ஊகத்தை மிச்சப்படுத்தியது.

முதல் சோதனை கறுப்புக் காபியில் உப்பு. உப்பு சுவையைத் தூக்கிக் கொடுப்பது அது கசப்பை அடக்குவதால்தான் என்று சுவை ஆய்வாளர்கள் பால் பிரெஸ்லினும் கேரி போசாம்பும் 1997-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்தபோது கசப்பு தணிந்தது. அதனால் அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலெழுந்தது. இதை வீட்டில் செய்து பார்க்கும்போது தடையாக நின்றது அளவுதான். 200 மில்லி காபிக்கு 0.2 கிராம் உப்பு போதும். ஆனால் சமையலறைத் தராசு அவ்வளவு சிறிய எடையை நம்பும்படி காட்டாது. விரல் நுனியால் எடுத்த ‘ஒரு சிட்டிகை’ ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது, காபியும் வேறாகவே இருந்தது. ஆகவே 10 கிராம் உப்பை 90 கிராம் நீரில் கரைத்து வைத்துக்கொண்டேன். அதில் 2 கிராம் எடுத்தால் 0.2 கிராம் உப்பு வந்துவிடும். அந்த அளவில் காபி உவர்க்கவில்லை, நாக்கின் பின்பகுதியில் நின்ற கரிந்த கசப்பு மட்டும் மெலிந்தது. 0.5 கிராம் சேர்த்தபோது அது காபியாகவே இல்லை. இந்த உப்புக் கரைசல் புட்டி பின்னர் ஏறத்தாழ எல்லாச் சோதனைகளிலும் பயன்பட்டது. இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுவே என்பேன்.

இரண்டாம் வாரத்தில் மணத்தை நம்பி ஏமாந்தேன். ஒரே மணப்பொருள்களைக் கொண்ட உணவுகள் நன்றாகச் சேரும் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. தர்பூசணியும் வெள்ளரிக்காயும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் பசுமையான மணத்துக்கும் நெருங்கிய உறவுடைய ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்களே காரணம். இதைவிடப் பொருத்தமான இணை இருக்க முடியாது என்று எண்ணி, சம அளவில் நறுக்கிக் கலந்து உண்டேன். தவறென்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒன்று மற்றொன்றில் கரைந்து, இனிப்புக் குறைந்த தர்பூசணியை உண்டதுபோல் இருந்தது. எலுமிச்சைச் சாறும் உப்பும் கூடுதலாகச் சேர்த்த பிறகே உயிர் வந்தது, அந்த உயிரும் மணத்தால் வந்ததன்று.

பின்னர் படித்தபோது காரணம் ஓரளவு தெளிவாயிற்று. யோங்-யோல் ஆன், பராபாசி முதலிய ஆய்வாளர்கள் 56,000-க்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகளை ஆராய்ந்து, 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வட அமெரிக்க, மேற்கு ஐரோப்பியச் சமையல்களில் மணப்பொருள்களைப் பகிரும் பொருள்கள் சேர்ந்து வரும் போக்கு இருந்தது; கிழக்கு ஆசியச் சமையலிலோ அத்தகைய இணைகளைத் தவிர்க்கும் போக்கு இருந்தது. எங்கும் செல்லும் விதியாக அதைக் கொள்ள முடியாது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பொது மணம் என்பது இணையைத் தேட ஒரு தொடக்கம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதில்லை.

அந்தத் தொடக்கத்திலிருந்து நல்ல விளைவு கிடைத்த இணை ஸ்ட்ராபெர்ரியும் தக்காளியும். பழுத்த ஸ்ட்ராபெர்ரியின் வெல்லப்பாகு போன்ற மணத்துக்குக் காரணமான ஃபியூரனியால் என்ற பொருள் பழுத்த தக்காளியிலும் உண்டு. ஆனால் இங்கே இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடவில்லை. தக்காளியின் உமாமி சுவை ஸ்ட்ராபெர்ரியில் இல்லாத ஓர் அடித்தளத்தைக் கொடுத்தது. 150 கிராம் ஸ்ட்ராபெர்ரிக்கு 50 கிராம் தக்காளி, அரைக் கிராம் உப்பு, அப்போது இடித்த மிளகு கொஞ்சம்: இதுவரை நான் செய்தவற்றில் மனம் நிறைந்து பரிந்துரைக்கக்கூடியது இதுதான். சம அளவில் கலந்தால் தக்காளியின் சுவை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

இதே இணை முதல் நாள் எனக்குச் சப்பென்று இருந்தது என்பதையும் எழுத வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே உண்டதே பிழை. இனிப்பை உணரும் சுவை அணுக்களில் உள்ள டிஆர்பிஎம்5 என்ற புரதம் 15 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏற ஏறக் கூடுதலாகச் செயல்படுகிறது என்று 2005-இல் கண்டறிந்திருக்கிறார்கள். குளிர்ந்த பழம் இனிப்பாகத் தெரியாததற்கு இது முக்கியமான காரணம். மறுநாள் முக்கால் மணி நேரம் வெளியே வைத்திருந்து உண்டபோது, அதே பழங்கள் வேறு தோட்டத்தில் விளைந்தவைபோல் இருந்தன. அன்று முதல் ஒவ்வொரு குறிப்பிலும் வெப்பநிலையையும் எழுதுகிறேன்.

அன்னாசியும் தயிரும் மிளகும் சேர்த்தது கசப்பான தோல்வி. சொல்லின் நேர்ப்பொருளில்தான் கசப்பு. கலந்தவுடன் நன்றாக இருந்தது. இருபது நிமிடம் கழித்து எடுத்தால் விழுங்க முடியவில்லை. வேகவைக்காத அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் சில கசக்கின்றன. அன்னாசித் துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்துச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடுகிறது, கசப்பும் வருவதில்லை. பச்சையாகத்தான் வேண்டுமென்றால் கலந்த கையோடு உண்டுவிட வேண்டும்.

வெனிலா ஐஸ்கிரீமின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவது பலரும் சொல்லக் கேட்டிருந்தேன். முதல் முறை அலமாரியில் நெடுநாள் திறந்திருந்த எண்ணெயைப் பயன்படுத்தினேன். பழைய கொட்டைப் பருப்பின் சிக்கு வாடைதான் வந்தது. புதிய, தொண்டையில் சுரீரென்று காரும் எண்ணெய் இதற்கு இன்றியமையாதது. அந்தக் காரத்துக்குக் காரணம் ஓலியோகாந்தல் என்ற பொருள். இரண்டு கரண்டி ஐஸ்கிரீமுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், மேலே நொறுங்கும் உப்புக் கற்கள் சில. எண்ணெய் குளிரில் தடித்து ஐஸ்கிரீமோடு ஒட்டிக்கொள்ள, முதலில் இனிப்பும், பிறகு புல் மணமும், கடைசியில் தொண்டையில் ஒரு மிளகுக் காரமும் வரிசையாக வருகின்றன. ஒரே வாயில் மூன்று கட்டங்கள் நிகழும் இந்த வரிசையை வேறு எந்த இணையிலும் நான் காணவில்லை.

வரிசையின் ஆற்றலை டார்க் சாக்லேட்டும், பூஞ்சையால் பக்குவப்படுத்திய நீலச் சீஸும் மேலும் உறுதிப்படுத்தின. இரண்டையும் ஒன்றாக மென்றால் சீஸின் நெடி மட்டுமே மிஞ்சியது. கொக்கோ வெண்ணெய் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 34 டிகிரியில் உருகுகிறது. ஆகவே சாக்லேட்டை நாக்கில் வைத்து உருகவிட்டு, அதன் பின் கடுகளவு சீஸை இட்டேன். சாக்லேட்டின் துவர்ப்பைச் சீஸின் கொழுப்பு துடைத்தெடுத்தது. அறிவியல் நூல்கள் துவர்ப்பைச் சுவையாக எண்ணாமல் தொடு உணர்வாகவே கொள்கின்றன. நமக்கு அது அறுசுவையில் ஒன்று. வாய் வறண்டு சுருங்கும் அந்த உணர்வுக்குத் தனிச்சொல் கையில் இருந்ததால் எதைத் தேடுகிறேன் என்று எனக்கு எளிதில் தெரிந்தது. இருந்தாலும் இந்த இணையை விருந்தினருக்கு வைக்க எனக்குத் துணிவில்லை.

குளிர்பானங்களில் ஆரஞ்சுச் சாறும் காபியும் மட்டும் தேறின: 120 மில்லி சாறு, பனிக்கட்டி, அதன்மேல் ஆறிய கடுங்காபி 30 மில்லி. சர்க்கரை கரைந்த சாறு அடர்த்தி மிக்கது என்பதால் மெதுவாக ஊற்றினால் காபி மேலே நிற்கும். டோனிக் நீரில் காபியை வேகமாக ஊற்றினால் நுரை பொங்கி மேசையை நனைக்கும். டோனிக் நீரில் உள்ள கொயினைன் என்ற பொருளின் கசப்பும் காபியின் கசப்பும் ஒன்றை ஒன்று வளர்ப்பதால் அதை நான் தொடரவில்லை.

ஆறாம் வாரத்தில் முதல் சோதனைக்கே திரும்பினேன். உப்பிட்ட காபி நன்றாக இருப்பதாக நான் உணர்வது, உப்பு இட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிவதால்தானோ என்ற ஐயம் நீங்கவில்லை. ஆகவே மூன்று கோப்பைகளில் இரண்டில் உப்பில்லாததையும் ஒன்றில் உப்பிட்டதையும் ஊற்றி, இடம் மாற்றி வைக்கும்படி என் மகளிடம் கேட்டேன். சுவை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முக்கோணச் சோதனை இதுவே. வேறுபட்ட கோப்பை எது என்று சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தால் ஆறு சுற்றில் சராசரியாக இரண்டுதான் சரியாகும். ஐந்து சுற்றுகளைச் சரியாகச் சொன்னேன். ஆறாவதில், “அப்பா, இந்த முறை தப்பு” என்றாள். அந்தச் சுற்றுக்குள் மூன்று கோப்பைகளும் நன்றாக ஆறிப்போயிருந்தன. அடுத்த வாரம் 60 டிகிரியிலும் 25 டிகிரியிலும் தனித்தனியே ஆறு சுற்றுகள் செய்வதற்காகப் புதிய உப்புக் கரைசலும் ஒரு வெப்பமானியும் எடுத்து வைத்திருக்கிறேன்.