எச்சிலை விழுங்கச் சொல்லிப் பார்ப்பேன்

முன்கழுத்தில் ஆபரேஷன் முடிந்து யார் வந்தாலும், மானிட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் எச்சிலை விழுங்கச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நைட் ட்யூட்டி கற்றுக்கொடுத்த பழக்கம் இது.

அன்றைக்கு ஒரு நோயாளிக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இரண்டு இடத்தில் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பிளேட் வைத்திருந்தார்கள். சாயங்காலம் நன்றாகத்தான் பேசினார். பதினொரு மணிக்கு அவர் மனைவி வந்து, "சிஸ்டர், படுக்கவே மாட்டேங்கிறாரு, எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு" என்றார். போய்ப் பார்த்தேன். ஆக்சிஜன் 98. உள்ளே கசியும் ரத்தம் வெளியே வர வைத்திருந்த டிரெயின் குழாயிலும் ரத்தம் அதிகமில்லை. சரி, வலியாக இருக்கும் என்று ஊசி போட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம் போன இருபது நிமிடம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

மறுபடி போனபோது கிண்ணத்தைக் கையில் பிடித்து எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தார். குரல் கம்மிவிட்டது. டிரெஸ்ஸிங்கின் ஓரம் தோலில் அழுந்தித் தடம் பதிந்திருந்தது. தொட்டால் கழுத்து கல் மாதிரி.

உள்ளே தேங்கும் ரத்தம் மூச்சுக்குழாயை நெருக்குவதோடு நிற்காது. ரத்தநாளங்களையும் அழுத்துவதால் தொண்டையின் உட்புறம் வீங்கிவிடும். நேரம் போகப்போக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது கஷ்டமாகிவிடும். ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் டிரெயின் காலியாகவே இருக்கும். ஆக்சிஜன் அளவு குறைவதும், மூச்சில் விசில் சத்தம் கேட்பதும் பெரும்பாலும் கடைசியில்தான்.

உட்காரவைத்து, ஆக்சிஜன் மாஸ்க் போட்டு, சர்ஜனையும் மயக்க மருந்து டாக்டரையும் கூப்பிட்டோம். ஸ்கேனுக்கு அனுப்பவில்லை, தியேட்டருக்கும் காத்திருக்கவில்லை. கட்டிலிலேயே தையலை வெட்டி, தோலையும் அடியிலிருந்த தசையையும் சர்ஜன் பிரித்தார். ஈரல் துண்டு போலக் கறுப்பாகக் கட்டி வந்து விழுந்தது. அவர் இழுத்த அந்த முதல் மூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது. அப்புறம்தான் டியூப், தியேட்டர் எல்லாம். வீக்கம் வடியும் வரை இரண்டு நாள் டியூபை எடுக்கவில்லை.

பின்கழுத்தில் செய்தவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. ரத்தம் தண்டுவடத்தை அழுத்தும். தாங்க முடியாத வலி, கைப்பிடி தளர்வது, கால் மரத்துப்போவது என்று வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உடனே எம்ஆர்ஐ, சில மணி நேரத்துக்குள் மறுபடி ஆபரேஷன். அதனால் முதல் ராத்திரி மணிக்கொரு தடவை என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறேன்.

கூட இருப்பவர்களிடமும் சொல்லிவைக்கிறேன்: படுக்க முடியவில்லை என்றாலோ, எச்சிலைத் துப்பினாலோ எத்தனை தடவை வேண்டுமானாலும் வந்து கூப்பிடுங்கள். எங்கள் வார்டில் இப்போது தையல் வெட்டும் செட் இந்த நோயாளிகளின் தலைமாட்டிலேயே இருக்கிறது.