வாசலில் மருந்துத் தொட்டி இருந்தால் போதுமா?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உள்ளே வராமல் தடுக்க, பல பன்றிப் பண்ணைகளின் வாசலில் மருந்துத் தொட்டி இருக்கிறது. கலங்கிய தண்ணீர், மேலே வேப்பஞ்சருகு, அடியில் சேறு. அதில் காலை முக்கிவிட்டு உள்ளே போவதால் ஒரு பயனும் இல்லை. சாணி ஒட்டிய பூட்சில் மருந்து ஏறாது. அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும்.

முதலில் தண்ணீர் ஊற்றி, பிரஷ்ஷால் பூட்ஸ் அடிப்பள்ளங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு மருந்து: 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அலுமினியப் பாத்திரம் ஆகாது. தொட்டிக்குக் கூரை போடுங்கள். ஐப்பசி மழை ஒன்று அடித்தால் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.

இத்தனை செய்தாலும், கிருமி சாக மருந்து அரைமணி நேரமாவது பட்டிருக்க வேண்டும். யார் அங்கே அவ்வளவு நேரம் நிற்பார்கள்? அதனால் வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு திண்டு கட்டுங்கள். வெளிச்செருப்பை இந்தப் பக்கம் கழற்றிப் போட்டு, திண்டில் உட்கார்ந்து காலைத் திருப்பி, அந்தப் பக்கம் இருக்கும் பூட்சைப் போட வேண்டும். அந்த பூட்ஸ் பண்ணையை விட்டு வெளியே வரவே கூடாது. தொட்டியைவிட இந்தத் திண்டைத்தான் நான் நம்புவேன்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் வடகிழக்கு மாநிலங்களில் தெரிந்தது, 2022இல் வயநாட்டுக்கு வந்தது, 2023இல் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. மனிதருக்கு வராது. பன்றிக்கோ சிகிச்சையே கிடையாது. களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் பண்ணை வைத்திருப்பவர்கள் காட்டுப்பன்றி மூக்கு நுழைக்க முடியாதபடி, இடைவெளி விட்டு இரட்டை வேலி போடத்தான் வேண்டும்.

அடுத்து, பன்றிக்குத் தீனியாகப் போடும் ஓட்டல் கழிவு. அதில் கிடக்கும் பன்றி இறைச்சித் துண்டில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம், அடிவரை கிளறிக் காய்ச்ச வேண்டும். பெரிய எலும்பும் கறிக்கட்டியும் நடுவில் வேகாமல் நிற்கும், வெட்டிப் போடுங்கள். பச்சைக் கழிவு அள்ளிய அகப்பையால் காய்ச்சியதைக் கிளறினால் எல்லாம் வீண். இரண்டுக்கும் தனித்தனி ட்ரம், தனி அகப்பை.

வியாபாரி வண்டி வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அவர் கயிறும் தராசும் பத்துப் பண்ணை பார்த்தவை. வாங்கி வரும் குட்டிகளை 30 நாள் தனிக்கொட்டகையில் கட்டி, மற்றப் பன்றிகளுக்குப் போட்ட பிறகு கடைசியாகத் தீனி போடுங்கள்.

திடீரென்று பன்றி செத்தால் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், வாய்க்காலில் தள்ளாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்த பிறகு ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, நாய் தோண்டாதபடி மேலே முள் அடையுங்கள்.