கேமராவைத்தான் சரிசெய்தேன்

"பெட்டி எங்கேயாவது விழுந்துச்சா தம்பி?" என்று கேட்டேன். கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியின் பெட்டி அது; அந்தக் கருவியைச் சரிபார்க்கத்தான் போயிருந்தேன். பிரிசம் (அளக்கும் புள்ளியில் வைக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி) பிடிக்கிற பையன் என்னைப் பார்க்கவில்லை, சர்வேயரைப் பார்த்தான். அப்புறம், "இல்ல சார்" என்றான். நான் சரி என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். மூன்று மாதமாக உறுத்துவது அந்தச் 'சரி'தான்.

புகார் கருவியில் இருக்கும் கேமராவைப் பற்றியது. டெலஸ்கோப் வழியாகப் பார்த்தால் கிராஸ் ஹேர் (குறி பார்க்கும் குறுக்குக் கோடு) பிரிசத்தின் நடுவில் கச்சிதமாக நிற்கிறது. டோட்டல் ஸ்டேஷன் திரையில் பார்த்தால், 80 மீட்டரில் அரைச் சாண் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. அகலக்கோணக் கேமரா டெலஸ்கோப்பின் அச்சில் இல்லை, அதற்குச் சற்று மேலே இருக்கிறது. தூரம் தெரியாவிட்டால் திரையில் கோடு எங்கே விழ வேண்டும் என்று கருவிக்குத் தெரியாது. கிட்டே போகப் போக விலகல் கூடும். அந்தக் குழப்பமாகத்தான் இருக்கும் என்று தூரம் அளந்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அளந்த பிறகும் அதே அரைச் சாண். அதுவும் மேலே கீழே இல்லை, பக்கவாட்டில். கோணக் கணக்கில் சுமார் 5 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி). கேமராதான் நகர்ந்திருக்கிறது.

தூரத்து மாடியில் இருந்த இடிதாங்கியின் முனையை டெலஸ்கோப்பில் பிடித்து, திரையில் அதே முனையைத் தொட்டு, உறுதி செய்தேன். பத்து நிமிட வேலை. திரையில் கோடு முனை மேல் வந்து உட்கார்ந்ததும் சர்வேயர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

முதலில் டெலஸ்கோப்பைச் சோதித்துவிட்டுத்தான் கேமராவைத் தொட வேண்டும். கேமராவை எதோடு பொருத்துகிறோமோ அதுவே சரியா என்று தெரிய வேண்டாமா? நான் தலைகீழாகச் செய்தேன். கிளம்பும் முன் அதே முனையை இரண்டு ஃபேஸிலும், அதாவது டெலஸ்கோப்பை நேராக வைத்தும் புரட்டி வைத்தும், பார்த்தபோது கோணத்தில் 44 விநாடி வித்தியாசம் வந்தது. அதாவது கோலிமேஷன் பிழை (டெலஸ்கோப்பின் பார்வைக் கோடு சரியான கோணத்திலிருந்து விலகுவது) 22 விநாடி, 5 விநாடித் துல்லியம் உள்ள கருவியில். புதிய திருத்த மதிப்பைக் கருவியில் ஏற்றினேன். பழைய மதிப்பைக் குறித்துக்கொள்ளவில்லை. சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'கேமரா அலைன்மென்ட் சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. சமதளத்தில் ஒரே ஃபேஸில் பேக்சைட்டும் (திசைக்கு ஆதாரமான தெரிந்த புள்ளி) அளக்க வேண்டிய புள்ளியும் பார்த்தால் இந்தப் பிழை இரண்டிலும் ஒரே அளவாக வரும், கழிக்கும்போது போய்விடும். அங்கே மட்டம் பார்ப்பது ஆட்டோ லெவல் என்ற வேறு கருவியில், அதனால் உயரக் கணக்குக்குப் பாதிப்பில்லை. வெயிலிலும் வண்டிக் குலுக்கலிலும் கோலிமேஷன் கொஞ்சம் நகர்வது எல்லாக் கருவிக்கும் உள்ளதுதான். இனி எடுக்கும் அளவுகள் சரியாகவே இருக்கும்.

ஆனால் ஏற்கெனவே எடுத்தவை? டெலஸ்கோப்பைப் புரட்டி லைனை முன்னால் நீட்டுகிற பழக்கம் பல சைட்டில் உண்டு. இரண்டு ஃபேஸிலும் பார்த்து நடுப்புள்ளி எடுக்காமல் ஒரே தடவை புரட்டினால் பிழை இரட்டிப்பாகும். 44 விநாடி என்றால் 100 மீட்டரில் 2 செ.மீ.க்கு மேல். அங்கே கான்கிரீட் போட்டுவிட்ட தூண்கள் வரிசையாக நின்றன. "லைன் எப்படி நீட்டினீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர்கள் என்னைக் கூப்பிட்டது கேமராவுக்காக. கேட்டிருந்தால் அந்தச் சர்வேயரின் வேலைக்கே ஆபத்து வந்திருக்கும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அன்று எனக்குப் பசி, அடுத்த சைட்டிலிருந்து இரண்டு தடவை போன் வேறு வந்துவிட்டது.

கேமரா 5 நிமிடம் தானாக நகராது. முன்பு யாராவது தப்பாகப் பொருத்தியிருக்கலாம், அதற்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தப் பெட்டியின் ஒரு பக்க லாக் உடைந்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. கம்பியில் துளி துரு இல்லை. பையனிடம் கேட்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் சர்வேயர் பேசினார். "கேமரா இப்ப அப்படியே பொருந்துது சார், ரொம்ப நன்றி." பெட்டி லாக்கை மாற்றிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"அதுவா சார்? அது வாங்கின நாள்லேருந்தே அப்படித்தான்."